மாமாவுக்குப் பிடித்த ஸ்பீக்கர்

இந்த ஸ்பீக்கருக்கும் மாமனார் தலையை இடமும் வலமுமாக ஆட்டிவிட்டார். மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"சார், இதைவிடத் துல்லியமா வேணும்னா பாடுறவரையே கூட்டிட்டு வந்து வண்டியில உக்கார வைக்கணும்" என்றார் கடைக்காரர்.

சுவர் முழுக்கப் பதித்திருந்த ஸ்பீக்கர்களை அவர் பொத்தானை அமுக்கி ஒவ்வொன்றாகப் பாடவிட்டுக்கொண்டிருந்தார். மழையில் நனைந்தாலும் கெடாதது, தூசி புகாதது, எந்தக் குலுக்கலுக்கும் அசையாதது என்று கரடுமுரடான பாதையில் ஓடும் ஜீப்புக்கு ஏற்ற அத்தனையும் காட்டியாகிவிட்டது. மாமனாரோ கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவர் வாயைத் திறந்து பத்து நாளாகிறது. அதுதான் பிரச்சினையே.

பத்து நாளுக்கு முன்னால் மாப்பிள்ளை தன் ஆசை ஜீப்பில் மனைவியையும் மாமனாரையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனார். பின்னால் உட்கார்ந்த மாமனார் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். அறுபத்தெட்டு வயதிலும் தனக்கு ஒரு பல்கூட ஆடவில்லையாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் முப்பதிலேயே பல்லை அடைத்துக்கொண்டு திரிகிறார்களாம்.

போன மாதம்தான் பல்லை அடைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அப்போது மாமனார் முன்பக்கமாகக் குனிந்து, "ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க மாப்ள..." என்று ஆரம்பித்தார். எதைச் சொல்வதானாலும் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார். வண்டி தூக்கிப்போட்டது. அத்தோடு பேச்சு நின்றது.

அன்றிலிருந்து வீட்டில் மனுஷர் மௌனம். சாப்பாடு வேண்டாம், பாலும் பழச்சாறும் மட்டும் போதும் என்று சைகை. சாயங்காலமானால் ஜீப்பின் பின்பக்கம் ஏறி, தலையைக் குனிந்துகொண்டு தனியாக உட்கார்ந்துவிடுவார்.

"பாட்டைச் சத்தமா வச்சு எங்கப்பாவ அவமானப்படுத்திட்டீங்க. அவர் பேசுற வரைக்கும் நீங்க ஹால்லதான் படுக்கணும்" என்று மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

ஹால் சோபா மாப்பிள்ளையைவிட அரையடி குட்டை. ராத்திரி முழுக்கக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், மாமனார் என்னதான் சொல்ல வந்திருப்பார் என்று யோசித்து யோசித்து அவர் பாதியாகிவிட்டார். தப்பாக நினைக்கிற மாதிரி அப்படி என்ன சொல்ல வந்தார்?

கடைசியில் மனைவிதான் வழியும் சொன்னாள். "அன்னையிலேருந்து வண்டியில ஸ்பீக்கர் கடகடங்குதுங்க. அதுல உக்காந்து உக்காந்துதான் அப்பாவுக்கு எரிச்சல். அவருக்குப் பிடிச்சதா ஒண்ணு வாங்கிக் குடுங்க, தானா பேசிடுவாரு."

இப்படித்தான் மூவரும் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கடைக்காரர் டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார். மாமனார் பிஸ்கட்டை ஏக்கமாகப் பார்த்துவிட்டு டீயை மட்டும் எடுத்துக்கொண்டார். என் முன்னால் பிஸ்கட் தின்னக்கூட அவருக்கு மனசு வரவில்லையே என்று மாப்பிள்ளை தன் பிஸ்கட்டையும் கீழே வைத்துவிட்டார்.

கடைக்காரருக்கும் பொறுமை போய்விட்டது. ஜீப்பின் பின்பக்கத் தரையில் இருந்த பழைய ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். காற்று போய்வர மேலே ஒரு வட்ட ஓட்டை வைத்த, பழங்காலத்துப் பெட்டி.

"இதை எனக்கே குடுத்துடுங்க சார். புதுசோட விலையில கழிச்சுக்கிறேன்."

மாமனார் டீயைக் கீழே வைத்தார். பாய்ந்து வந்து பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். "ம்ம்! ம்ம்ம்!" என்றார்.

"அப்பாவுக்கு இந்தப் பெட்டிமேல எவ்வளவு பாசம் பாருங்க!" மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப இதையே சரிபண்ணிடலாமே" என்ற கடைக்காரர், பெட்டியை அவர் பிடியிலிருந்து மெல்ல உருவினார். "எங்கேருந்து கடகடங்குதுன்னு பாத்தாப் போச்சு."

"ம்ம்ம்ம்!" என்று மாமனார் கையை நீட்டுவதற்குள், கடைக்காரர் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஓர் உலுக்கு உலுக்கினார்.

ஓட்டை வழியாக ஒரு பல்செட் மேசைமேல் விழுந்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

கடைக்காரர் சட்டென்று பாட்டை நிறுத்தினார். மனைவி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

பிறகு, யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டை வாங்கிக்கொள்வதுபோல அதை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டுத் திரும்பியபோது, ஒட்டியிருந்த கன்னம் பழையபடி நிமிர்ந்திருந்தது.

மாப்பிள்ளை கையைப் பிசைந்தார். இன்றைக்காவது கட்டிலில் படுக்க வேண்டும்.

"மாமா, அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தீங்களே... எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க, தாங்கிக்கிறேன்."

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க மாப்ள... முன்னாடி பெரிய பள்ளம் இருக்கு!"