செண்பகவல்லியின் குரல்

லடாக் பனிமலைகளில் மின்கம்பி பார்க்கப் போகிற லைன்மேன்களின் காதில் ஒரு கருவி இருக்கும். சரியக்கூடிய பனியில் கால் வைக்கும் முன் நிற்கச் சொல்லும். யார் குரலில் சொல்ல வேண்டும் என்பது அவரவர் விருப்பம். அவர்களில் ஒருவரான கோமதிநாயகம், தன் மனைவி செண்பகவல்லியின் குரல் என்று எழுதிக் கொடுத்தார்.

சங்கரன்கோவிலில் இருந்தபடியே செண்பகவல்லி குரலைப் பதிவு செய்து அனுப்பினாள். சோதனை நடையில் கருவி பதினொரு முறை "நில்லுங்க" என்றது. பதினொரு முறையும் அவர் நடந்துகொண்டே இருந்தார்.

பாதுகாப்பு அதிகாரி அவளுக்கு போன் செய்தார். "நீங்க சொல்றது அவர் காதுலயே விழலம்மா."

"இருபது வருசமா விழல சார். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பேன், அவிய பாட்டுக்கு அவிய வேலையப் பாப்பாவ. நான் பேச்ச நிப்பாட்டுனாத்தான் என்ன ஏதுன்னு திரும்பிப் பாப்பாவ."

அதிகாரி குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு கருவி நாள் முழுக்க அவள் குரலில் முருங்கைக்காய் விலை, குழாயில் தண்ணீர் வராதது, நாத்தனார் வீட்டு விசேஷம் என்று பேசிக்கொண்டே இருந்தது. முன்னால் ஆபத்து இருந்தால் மட்டும் பேச்சை நிறுத்தியது. அந்தக் குளிர்காலத்தில் ஒன்பது முறை நிறுத்தியது. ஒன்பது முறையும் அவர் நின்றார். இரண்டு முறை கண்ணெதிரே பனி சரிந்து இறங்கிப் போனது.

சித்திரையில் விடுப்பில் வீட்டுக்கு வந்தார். முதல் நாள் மதியம் சாப்பிட்டதும், பேசிக்கொண்டே இருந்த செண்பகவல்லி அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

நாலு மணிக்கு விழித்தபோது அவர் தண்ணீர்ச் செம்போடு கூடத்தின் நடுவில் அசையாமல் நின்றிருந்தார்.

"காப்பி போடவா?" என்றாள்.

அவர் அடுத்த அடியை எடுத்து வைத்தார்.