பதின்மூன்றாவது இலை

விம்பிள்டன் போலந்துக்காரர் சங்கத்தில் ஒவ்வொரு ஜனவரியும் பிரசாந்தினியின் சமையல்தான். 1863 கிளர்ச்சியில், முந்நூறு பேர் காட்டுக்குள் தப்பும்வரை ரஷ்யப் படையை ஒரு பாலத்தில் மறித்து நின்று, திரும்பியே வராத பன்னிரண்டு பேரின் நினைவுநாள் அது. தப்பியவர்களின் வழி வந்தவர்கள் கூடிச் சாப்பிடுவார்கள்.

"அந்தப் பன்னிரண்டு பேருக்கும் யாருமே சோறு வைக்கவில்லையா?" என்று இந்த வருடம் சங்கத் தலைவர் மாரெக்கிடம் கேட்டாள்.

"வைக்கலாமா?" என்றார் அவர்.

பன்னிரண்டு வாழையிலை போட்டுப் படைத்தாள். ஊர் வழக்கப்படி, செத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி, எல்லோரையும் வெளியே நிறுத்தினாள். ஊரில் போரின் கடைசி நாட்களில், சனம் கடலேரியைக் கடந்து தப்பும்வரை படையை மறித்துப் பின்னால் நின்ற தன் தம்பிக்கு அவள் ஒருநாளும் படைத்ததில்லை. அவன் செத்ததை யாரும் கண்டதில்லை.

கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது இலைகளில் ஒரு பருக்கை இல்லை.

"வந்துவிட்டார்கள்!" மாரெக் தொப்பியை மேலே எறிந்தார். கிழவர்கள் கட்டிப்பிடித்துப் பாடத் தொடங்கினார்கள்.

கணவர் பரமேஸ்வரன் அவளருகே வந்தார். "நீர் பன்ரெண்டு இலைதானே போட்டனீர்?"

"ஓம்."

"பதின்மூண்டு கிடக்குது."

பன்னிரண்டு இலைகள், மடிக்கும் வழக்கம் தெரியாதவர்கள் சாப்பிட்டு எழுந்ததுபோல விரிந்தே கிடந்தன. கடைசி இலை மட்டும், கலியாண வீட்டில் மடிப்பதுபோல, சாப்பிட்டவர் பக்கமாக மடித்துக் கிடந்தது.

போலிஷ் ஒரு சொல்லும் தெரியாத பிரசாந்தினி எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.