சிப்பி வளையம்

செவெரோ கத்தியின் திருகாணியை இன்னும் அரைச் சுற்று இறக்கினான்.

ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் போதும். கிட்டாரின் துளையைச் சுற்றியிருக்கும் சிப்பி வளையம் அவ்வளவு ஆழத்தில்தான் பதிந்திருக்கிறது. அதற்குக் கீழே மேல்பலகையில் மிஞ்சுவது ஒரே ஒரு மில்லிமீட்டர். அதில்தான் கிட்டாரின் உயிர் இருக்கிறது.

அவன் கத்தியை வைத்தது இரண்டேகால் மில்லிமீட்டருக்கு.

கிட்டார் தாச்சோவுடையது. பராச்சோ ஊரில் கிட்டார் செய்யாத வீடு இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ரேடியோவில் வாசித்துப் பாடுகிற ஆள் தாச்சோ ஒருத்தன்தான். மீசையும் அவனும்! அவன் நகம் பட்டுப் பட்டுச் சிப்பியெல்லாம் உதிர்ந்து, வளையம் பொக்கைவாயாகிவிட்டது. புது வளையம் போட்டுத் தரச் சொல்லி நேற்றுத்தான் கொண்டுவந்தான்.

கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஹெர்லிந்தா விட்டால்தானே? அவனை உட்காரவைத்து, சோளமாவுக் கொருண்டா மூன்றை ஆவி பறக்க எடுத்துவைத்து, மேலே கெட்டிக் க்ரீமை வழிய வழிய ஊற்றினாள்.

கட்டிய புருஷன் தட்டில் அந்த மாதிரி க்ரீம் விழுந்து எத்தனை வருஷம் இருக்கும்? செவெரோவுக்கு வயிறு எரிந்தது. காலையில் எழுந்தபோதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

நேற்று மட்டுமா? ஞாயிற்றுக்கிழமை ரேடியோ பாடத் தொடங்கினால் அவள் கை நின்றுவிடும். மாவு அப்படியே கிடக்கும், கல்லில் போட்ட ரொட்டி கருகும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டான்.

“அப்படி என்னடி இருக்கு அவங்கிட்ட?”

“அவங்கிட்ட என்ன இருக்கு, மண்ணு! கிட்டாரக் கேளுய்யா. எங்கயோ கேட்ட கொரலு.”

கிட்டாராம், கிட்டார்! இருபத்திரண்டு வருஷம் ஒருத்தியோடு குப்பை கொட்டியவனுக்குத் தெரியாதா?

அவனும் ஒரு காலத்தில் பாடியவன்தான். அவள் வீட்டு ஜன்னலடியில் நின்று, தெருவே கூடிச் சிரிக்க, தொண்டை கிழியப் பாடினான். ஜன்னல் திறந்தது, கல்யாணம் நடந்தது, அதோடு சரி. அப்புறம் எதற்குப் பாட்டு?

கிட்டாரிலும் ஒரு மண்ணும் இல்லை. சின்னக் கண்ணாடி ஒன்றைத் துளைக்குள் விட்டுப் பார்த்தான். ஊரில் பாதிப் பேர் ஒட்டுகிற மாதிரிதான் தாங்குச் சட்டங்கள் ஒட்டியிருந்தன. பட்டறைகளில் பூச்சில்லாமல் வெள்ளையாக வாங்கிப்போய், சிவப்புச் சாயமடித்து, தன் பெயரை ஒட்டி விற்கும் எவனோ ஒரு வியாபாரியின் சீட்டு. செவெரோவே அப்படி ஆயிரம் கிட்டார் கொடுத்திருப்பான். கொடுத்தபின் அது யார் பெயரில் பாடுகிறது என்று எவன் போய்ப் பார்த்தான்?

முழுசாகச் செய்து முடித்த கிட்டாரில் வளையம் மாற்றுவது வம்பு பிடித்த வேலை. வட்டம் வெட்ட நடுவில் ஓர் ஆணி வேண்டும். நடுவிலோ ஓட்டை. அதற்குள் ஒரு கட்டையை இறுக்கி, அதில் ஆணியடித்து, கத்தியை அதைச் சுற்றி நடக்கவிட வேண்டும்.

நடக்கவிட்டான்.

கத்தி வளையத்தின் வெளிவிளிம்பில் இறங்கி மெதுவாகச் சுற்றியது. தேவதாரு நார் ஒவ்வொன்றாக அறுபடுவது விரலுக்குத் தெரிந்தது. க்ரீம் வழிந்த தட்டையே நினைத்துக்கொண்டு ஒரு சுற்று முழுதாகச் சுற்றி முடித்தான்.

இனி மழைக்காலம் வரட்டும். கம்பிகளின் இழுப்பில் பலகை தானாக உள்ளே அமுங்கும், குரல் கட்டிப்போகும். ஈரம் என்று சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் இனி ரொட்டி கருகாது. அப்பாடா என்றிருந்தது.

மெல்லிய தகட்டைத் தணலில் சூடு காட்டி, வளையத்துக்கு அடியில் கொடுத்தான். பசை இளகியது. சிப்பித் துண்டுகள் வரிசையாகக் கழன்று வந்தன. கீழே, சாயம் படாத வெள்ளை மரம்.

பழைய பசைக்கு அடியில் ஏதோ கிறுக்கல் தெரிந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தான்.

பென்சில் எழுத்து. வட்டப் பள்ளத்தோடு வளைந்து வளைந்து போயிருந்தது.

‘ஹெர்லிந்தா, ஜன்னலைத் திற.’

கையெழுத்து அவனுடையது.

அப்போது சிப்பி வாங்க வக்கில்லை. பள்ளத்தை வெட்டி, வெறுமனே விட்டு, அதில் இதை எழுதி, சாயமும் இல்லாத அந்த மொட்டைக் கிட்டாரோடுதான் அவள் ஜன்னலடியில் போய் நின்றான். கல்யாணச் செருப்பு வாங்க அதை வியாபாரியிடம் தள்ளிவிட்டான். எவனோ எழுத்தின் மேலேயே பசையைப் பூசிச் சிப்பியைப் பதித்திருக்கிறான்.

அடுப்படியிலிருந்து ஹெர்லிந்தா குரல் கொடுத்தாள்.

“ஏய்யா, பாத்துச் செய்யி. அந்தக் கொரலுக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாது.”

செவெரோ கட்டைவிரலை எழுத்தின் மேல் வைத்து மெல்ல அழுத்தினான்.

மரம் உள்ளே இறங்கியது.