கேட்டுக்கு வெளியே கேட்

"ஐடியல்னா எண்களோட ஒரு கூட்டம், குசுமா. அதை உள்ள அடக்கின பெரிய கூட்டம் ஒண்ணு, அதையும் அடக்கினது இன்னொண்ணு. நான் பாடம் எடுக்கற கணக்குல இப்படி வளர்ந்துக்கிட்டே போக முடியாது. எங்கயாவது நின்னே தீரும்."

"எங்க நிக்கும்?"

"அதை முன்னாடியே சொல்ல முடியாது."

"நல்ல கணக்குங்க! பஸ் வரும், எப்ப வரும்னு கேக்காதேன்னு எங்கப்பாவும்தான் சொல்வாரு."

கல்யாணமான புதிதில், எழுபத்தெட்டில், குசுமாவதியும் கணிதப் பேராசிரியர் தேவகுமாரும் இப்படிப் பேசிச் சிரித்தார்கள்.

மறு வருஷம் ஆடியில், வேங்கிக்காலில் அவர்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே இன்னொரு கேட் இருந்தது. ஐப்பசியில் அதற்கும் வெளியே ஒன்று. யாரும் கட்டவில்லை. எல்லாவற்றுக்கும் அதே பச்சைப் பெயிண்ட். ஒவ்வொன்றுக்கும் நடுவே நடக்கவேண்டிய தூரம் கூடிக்கொண்டே போனது.

"நின்னுடும்" என்பான் தேவகுமார்.

அவர்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. முன்பெல்லாம் அவன் கல்லூரியிலிருந்து வந்து நிதானமாகச் சாப்பிடுவான். பிறகு ரசம் சாதத்துக்கு மட்டுமே நேரமிருந்தது. நேற்று மலைக்குப் பின்னால் சூரியன் மறைந்து இருட்டியபின்தான் வந்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துக்கொண்டான்.

இன்று காலை அவன் செருப்பை மாட்டியபோது, கடைசிக் கேட் வாசலிலிருந்து தெரியவில்லை. அதற்கும் அப்பால் எங்கோ ஒரு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

குசுமாவதி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குப் போகாதீங்க."