டேப்பின் நுனி

டேப்பின் நுனி அவள் கையில் இருந்தது.

“கல்லு மேல வெச்சுப் புடிச்சுக்குங்க அக்கா,” என்று சொல்லிவிட்டு, இரும்பு ஷெட் போடும் காண்ட்ராக்டர் சென்னியப்பன் டேப்பை இழுத்துக்கொண்டு போனார். கணவன் அவரோடு போனான்.

ரோட்டோர எல்லைக்கல் புல்லுக்குள் பாதி மறைந்திருந்தது. அப்பா நட்டது. வீடு கட்டிக்கொள் என்று அவளுக்குக் கொடுத்த இடம்.

முன்னால் ஐம்பதடிக்கு ஷெட். தறி ஓட்டுபவர்களுக்கு வாடகைக்கு விடலாம். பின்னால் மிச்சமுள்ள முப்பதடியில் வீடு. அப்படித்தான் கணவன் சொல்லியிருந்தான். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டு.

அந்த வீட்டை அவள் பல தடவை கட்டிப் பார்த்திருந்தாள். வாடகை லைன் வீட்டில் வாளியோடு குளியலறைக்கு வரிசையில் நிற்கும்போதெல்லாம் கட்டினாள். எப்படிக் கட்டினாலும் சமையலறையில் இடித்தது. அடுப்பின் முன் ஒருத்தி நின்றால், பின்னால் பூனைகூடப் போக முடியாது.

இரண்டடி கிடைத்தால் போதும்.

ஆண்கள் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார்கள்.

நுனியைப் பிடித்திருப்பவளை யார் பார்க்கப் போகிறார்கள்.

அவள் ரோட்டுப் பக்கமாகப் பின்வாங்கினாள். கல் அவளுக்கு இரண்டடி முன்னால் நின்றது.

ஐம்பதில் சென்னியப்பன் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோடு இரண்டடி முன்னதாகவே விழுந்தது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் சமையலறை அகன்றது. அவள் அதில் ஒரு ஜன்னலும் வைத்தாள்.

காற்று ஆண்கள் நின்ற பக்கமிருந்துதான் வீசியது. பேசுவது கேட்டது.

“என்னங்க இது, கண்ணுக்கே சின்னதாத் தெரியுது. லாரி வந்தா திரும்புமா?” என்றான் கணவன்.

“கஷ்டந்தானுங்க.”

“அப்ப கடைசிக் கல்லு வரைக்கும் இழுங்க.”

“பொறகால வீடுன்னு சொன்னீங்களே?”

“வீடு எங்க ஓடியா போகுது?”

டேப் மறுபடி நகர்ந்தது. அவள் விரலைப் பிடித்து இழுத்தது.

கூடத்தைத் தாண்டியது. அடுப்பைத் தாண்டியது.

ஜன்னலைத் தாண்டியது.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“பத்திரத்துல எண்பதடிதானுங்க. ரெண்டடி கூட வருதே?”

கணவன் சத்தமாகச் சிரித்தான்.

“எங்க மாமனாருக்கு அளந்து குடுத்துப் பழக்கமில்லீங்க. பொண்ணையும் அளக்காமத்தான் தள்ளிவிட்டாரு.”

சென்னியப்பன் சிரிக்கவில்லை.

“இந்த அளவுக்கேதான் இரும்பு வெட்டி வருமுங்க. அளவு தப்புன்னா வந்த பொறகு ஒண்ணும் செய்ய முடியாது. ஆர்டர் போட்டறலாங்களா?”

“போடுங்க. ரெண்டடியையும் சேர்த்தே போடுங்க. சும்மா வர்றத எதுக்கு விடணும்?”

இருந்தும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. வாயருகே கையைக் குவித்துக் கத்தினார்.

“அக்கா! கல்லு மேலதானுங்களே புடிச்சிருக்கீங்க?”

கணவனும் திரும்பிப் பார்த்தான்.

அந்த இடத்தைப் பற்றி அவளிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

புல்லுக்குள் நின்ற கல்லைப் பார்த்தாள்.

நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமாங்க,” என்றாள்.