பெட்டிக்குள் இருக்காத ஜோடி

தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோ நகர்ச் சமூகக் கூடத்தில் மதிய வெயில் ஜன்னல் வழியே இறங்கி, வரிசையாக வைத்த நூறு ஜோடி ஷூக்களின் மேல் வழிகிறது. போன வாரம் மறைந்த தொலைக்காட்சி வினாடி வினா நடத்துநர் பாபா மொலெஃபிக்காக ஷூ சேகரிப்பவர்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். கோட்டு சூட்டோடு சிவப்பு ஷூ போட்டுத்தான் அவர் திரையில் நிற்பார். அந்த ரகத்தில் இரண்டு ஜோடிதான் இவர்களிடம் உண்டு. லுங்காவின் ஜோடி பதினெட்டு வருடமாகப் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. டிகெலெடியின் ஜோடி, அவர் நிகழ்ச்சியின் கடைசிக் கேள்வியில் அவள் தோற்ற அன்று பாபாவே கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு அவள் வேலைக்குப் போவதை இவர்கள் கேலி செய்யாத நாளில்லை. இன்று பாபாவின் நினைவாக லுங்கா தன் ஜோடியை முதன்முதலாக மாட்டிக்கொண்டு மேடையை நோக்கி நடக்கிறான். நாலாவது அடியில், காலே படாமல் மக்கிப்போயிருந்த சோல் ரஸ்க் போல உதிர்கிறது. தரையில் கிடக்கும் துகள்களைப் பார்த்தவன், டிகெலெடியின் மடிப்பு விழுந்த ஷூவைப் பார்க்கிறான்.

"உன்னுது தாங்குமாக்கா?"

"காலைலகூட இதப் போட்டுத்தான்டா டாக்ஸியத் துரத்திப் பிடிச்சேன்."

அவள் நடக்கிறாள். மேடையில் பாபாவுக்கென்று போட்ட நாற்காலி காலியாக இருக்கிறது. அன்று அவள் தோற்றுத் திரும்பியபோது, அவள் கதவைத் தாண்டும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். மேடையேறித் திரும்பிப் பார்க்கிறாள். கூடத்தில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.