சம்பளம் வாங்காத உறுப்பினர்

"டீ வேண்டாம்" என்று நர்சம்மா கோப்பையை நகர்த்தி வைத்ததும் தலைவருக்குக் கவலை வந்துவிட்டது. டீயையே வேண்டாம் என்கிறவர் தீர்மானத்தை மட்டும் வேண்டும் என்பாரா?

குடிநீர் வாரியத்துச் செலவில் நர்சம்மா ஒரு பிஸ்கட் தின்று யாரும் பார்த்ததில்லை. வாரியத்துக் காரில் ஏறாமல் பஸ்ஸில்தான் வருவார். உறுப்பினரான அன்றைக்கே, "இந்தச் சம்பளம் எனக்கு வேண்டாம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் தியாகி.

இன்றைக்கு வந்திருப்பது உறுப்பினர்களின் மாதச் சம்பளத்தை இரண்டு மடங்காக்கும் தீர்மானம். கைகள் பாதி தூக்கிய நிலையில் செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்கணும். புது நெறிமுறை வந்திருக்கு. ஒரு முடிவால யாருக்கு வருமானம் கூடுமோ, அந்த முடிவு எடுக்கும்போது அவங்க அறையில இருக்கக் கூடாது."

"நாங்க எல்லாரும் போயிட்டா நாற்காலியா ஓட்டுப் போடும்?" என்றார் மருந்துக்கடைக்காரர். அவரும் உறுப்பினர்தான்.

"சம்பளம் வாங்காத உறுப்பினர் ஒருத்தர் இருந்தா போதும். விதியில இடம் இருக்கு."

எல்லாத் தலைகளும் நர்சம்மா பக்கம் திரும்பின. அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வாங்காதவங்கன்னா, எந்தத் தேதிக் கணக்குல?"

"இன்னிக்கிக் கணக்குலதாம்மா. ஓட்டுப் போடற நேரத்துல வாங்காம இருக்கணும், அவ்வளவுதான்."

"சரி. எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க." ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளியின் சொந்தக்காரர்களை விரட்டுகிற அதே குரல்.

முடிவை எழுதிக்கொள்ளச் செயலாளர் மட்டும் உள்ளே இருந்தார். மற்ற வாரியம் மொத்தமும் நடைபாதையில், 'பழுது' என்று எழுதி ஒட்டிய குடிநீர் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றது.

"சம்பளம் கூடும்னு நம்பி மாடிக்குத் தூண் எழுப்பிட்டேன் தலைவரே" என்றார் மருந்துக்கடைக்காரர். "இப்போ வீட்டைப் பார்த்தா கொம்பு முளைச்ச மாதிரி இருக்கு."

"உங்களுக்குத் தூண். நான் மாப்பிள்ளைகிட்ட கார் வாங்கித் தர்றேன்னு வாயை விட்டுட்டேன். அவர் ஏற்கெனவே ஓட்டக் கத்துக்கிட்டார்."

"அந்தம்மா வீட்டுக்குப் பழம் எடுத்துட்டுப் போனீங்களே, என்னாச்சு?"

"அடுத்த பஸ்ஸிலேயே என் வீட்டுக்குக் கொண்டு வந்து குடுத்துட்டாங்க. கூடையையும் சேர்த்து."

"மனுஷிக்கு ஆசைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?"

"இருந்திருந்தா நாம ஏன் இங்க நிக்கப்போறோம்?"

உள்ளே நர்சம்மாவின் குரலும், நடுவே செயலாளரின் "அம்மா, நெசமாவா?" என்ற குரலும் கேட்டன. தலைவர் கதவில் காதை வைத்தார். அதே நேரம் கதவு திறந்துகொள்ள, நர்சம்மாவின் தோளில் விழப்போன தலைவர் நிமிர்ந்துகொண்டார்.

"தீர்மானம் நிறைவேறிடுச்சு" என்றார் நர்சம்மா. "ஆனா ஒரு திருத்தம் பண்ணிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மடங்கு ரொம்பக் குறைச்சலாப் பட்டுது. மூணா ஆக்கிட்டேன்."

தலைவர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"அக்கா, உங்களை என்னென்னவோ பேசியிருக்கோம். மன்னிச்சிடுங்க. தனக்குன்னு ஒரு பைசா கிடையாது, ஆனாலும் மத்தவங்களுக்காக..." மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாடியை நினைத்திருப்பார்.

நர்சம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செயலாளரிடம் திரும்பினார்.

"சார், நாளையிலேர்ந்து என் பேரையும் சேர்த்துக்கோங்க."

"எதுலம்மா?"

"சம்பளத்துல."

செயலாளர் விழித்தார். "நீங்கதான் சம்பளம் வேண்டாம்னு சொன்னீங்களேம்மா?"

"நான் வேண்டாம்னது பழைய சம்பளத்தை."